தரையில் விழுந்த ஈரல்

குழந்தையை அடக்கம் செய்த நாளிலிருந்து புளோட்டியா ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கூழை நீட்டினால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அப்படிப்பட்டவள் அன்று காலை தானாகவே வாயைத் திறந்தாள்.

"ஈரல் இருந்தா ஒரு வாய் திங்கலாம்போல இருக்குங்க. அத்திப்பழம் தின்னு கொழுத்த பன்னி ஈரல்."

அவள் புருஷன் விபியுஸுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆனால் ஈரலுக்கு எங்கே போவது? அவர்கள் குடியிருந்த ஐந்தாம் மாடியில் அடுப்பு மூட்டினால், தீப்பிடிக்கும் என்று வீட்டுக்காரன் அன்றே வெளியே தள்ளிவிடுவான். ரோமாபுரியில் பாதிப் பேரைப் போல அவர்களும் தெருமுனைச் சாப்பாட்டுக் கடையை நம்பித்தான் வயிறு வளர்த்தார்கள். அங்கே பட்டாணிக் கூழ், கொண்டைக்கடலை, மிஞ்சிப்போனால் முட்டைக்கோஸ். அவள் கேட்ட ஈரல் பெரிய மனிதர் வீடுகளில்தான் வேகும்.

நல்லவேளையாக, அன்று சாயங்காலம் பெரிய பணக்காரரான லார்சியுஸ் வீட்டில் விருந்து. செருப்புத் தைக்கும் விபியுஸ் தினமும் விடிந்ததும் அவர் வாசலில் போய் வணக்கம் போட்டு நிற்பவன். அதற்காக எப்போதாவது ஒருநாள் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார்கள். மிஞ்சியதைக் கட்டிவர ஒரு வெள்ளைத் துணியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினான்.

லார்சியுஸின் தாராளத்தைச் சொல்லி மாளாது. மேல்வரிசை மெத்தையில் சாய்ந்திருந்தவர்களுக்குப் பூப்போல வெள்ளை ரொட்டி, கீழ்வரிசைக்குப் பல்லை உடைக்கும் தவிட்டு ரொட்டி. அவர்களுக்குப் பழைய மது, இவர்களுக்குக் காடியாகப் போகிற மது. இரண்டு வரிசைக்கும் பொதுவாக வந்தது மீன்சாற்றின் வாசனை மட்டும்தான்.

கொழுப்புச் சவ்வில் சுற்றிச் சுட்ட ஈரல் மேல்வரிசைக்குப் போனது. விபியுஸ் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தட்டையே பார்த்திருந்தான். தட்டு திரும்பியபோது அதில் ஒரே ஒரு துண்டு இருந்தது.

"அண்ணே, அதை இப்படிக் குடுங்களேன்" என்று பரிமாறும் அடிமையிடம் கெஞ்சினான். அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நீட்டினான்.

விபியுஸ் அதை எடுத்தான். வாயில் எச்சில் ஊறியது, தின்னவில்லை. மடியில் துணியை விரித்தான்.

பக்கத்தில் சாய்ந்திருந்த கயிற்று வியாபாரி முஸ்தியுஸ் அதைப் பார்த்துவிட்டான். "அடடா, வீட்டம்மாவுக்கா? இங்க நாங்க தவிட்டைக் கடிச்சிட்டுக் கிடக்கோம், உன் வீட்டுல ராஜ விருந்தா!" என்று சிரித்துக்கொண்டே முதுகில் ஓங்கித் தட்டினான்.

ஈரல் நழுவித் தரையில் விழுந்தது.

விபியுஸ் சட்டென்று குனிந்து கையை நீட்டினான். அறையில் சிரிப்பு நின்றது.

"ஏய், கையை எடு!" என்றார் லார்சியுஸ். "கீழ விழுந்தா செத்தவங்களோடது. இது தெரியாமலா இவ்வளவு வயசு வந்துச்சு உனக்கு?"

தெரியும். யாருக்குத்தான் தெரியாது? அடிமை அந்தத் துண்டை இரு கையாலும் எடுத்துப்போய் வீட்டுத் தெய்வத்தின் முன்னிருந்த நெருப்பில் இட்டான். கொழுப்பு சடசடவென்று எரிந்தது. பாழாய்ப்போன முஸ்தியுஸுக்கே முகம் செத்துவிட்டது. விபியுஸ் விரித்த துணியை மடித்து மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டான்.

வெறுங்கையோடு போக மனமில்லாமல், வழியில் ஒரு கிண்ணம் பட்டாணிக் கூழ் வாங்கிக்கொண்டு படியேறினான். புளோட்டியா எழுந்து உட்கார்ந்து காத்திருந்தாள். அதைப் பார்த்ததும் அவனுக்குப் பொய் சொல்ல நா வரவில்லை. நடந்ததையெல்லாம் சொன்னான்.

அவள் கேட்டாள்:

"யார் கையிலேருந்து விழுந்துச்சு?"

"என் கையிலேருந்துதான்."

"உங்க கையிலேருந்துன்னா, அவங்க வீட்டுச் செத்தவங்களுக்கு எப்படிப் போகும்? நம்ம பாப்பாவுக்குத்தானே போயிருக்கும்?"

விபியுஸ் அவளைப் பார்த்தான். "ஆமா" என்றான். "வேற யாருக்குப் போகும்?"

"சூடா இருந்துச்சா?"

"இல்ல, ஆறிப்போச்சு."

"நல்லது. சூடுன்னா துப்பிடுவா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அது என்ன, கூழா? குடுங்க."

அழுதுகொண்டே தின்றாள். கிண்ணத்தை விரலால் வழித்துத் தின்றாள். தவிட்டு ரொட்டியோடு பசி ஆறாமல் வந்திருந்த புருஷனுக்கு ஒரு வாய்கூட மிச்சம் வைக்கவில்லை.