கவிழ்த்து வைத்த உப்புத்தொட்டி

காலையிலிருந்தே ஆன்செல்மோ விரல்களைச் சொறிந்துகொண்டிருந்தான். காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொறிவான், டிரக் சாவியைத் தேடிக்கொண்டே சொறிவான். தேள்கொடுக்குச் செடியின் சுணை பட்டால்தான் விரல் அப்படிச் சிவக்கும்.

மாட்டுக்கு அது விஷம். எங்கள் மலைப்பக்கத்தில் மாடு வளர்க்கிற எல்லோரும் கண்ட இடத்தில் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்போம். ஆனால் அதற்கு ஓர் அக்கா இருக்கிறாள். அதே சுருட்டை வால், அதே ஆரஞ்சு நிறம், பூ மட்டும் பெரிசு. உலகத்திலேயே இந்தச் சரிவுகளில்தான் முளைக்கிறதாம். ஒவ்வொரு வருஷமும் விதையிலிருந்து முளைத்து, பூத்து, கோடை வருவதற்குள் செத்தும் போய்விடும். அதை எண்ணத்தான் வசந்தம் தவறாமல் அரசாங்கத்திலிருந்து ரோவீனா வருகிறாள். ஒவ்வொரு செடிக்கும் அடையாளமாக ஒரு சின்னத் துணிக்கொடி நடுவாள். கொடி நட்ட இடத்தில் வேலி வரும். வேலிக்குள் மாடு போகக் கூடாது. மேட்டுச் சரிவு அப்படித்தான் எங்கள் கையை விட்டுப் போனது. மிச்சம் இருப்பது ஊற்றுப் பக்கம். அதுவும் போனால் மாட்டுக்குத் தண்ணீர் கிடையாது, எல்லாவற்றையும் விற்றுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

"கையில என்ன?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல மேனா."

"புடுங்கினது சின்னதா, பெரிசா?"

"உனக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுமாக்கும்?"

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்கிற ஆளை நான் நம்புவதில்லை. தாலி கட்டாத ஊரில் எனக்கு மோதிரம் போட்ட புருஷன்தான், அதற்காக நம்பிவிட முடியுமா?

சாப்பாட்டு நேரத்துக்கு ரோவீனா மேட்டுச் சரிவிலிருந்து இறங்கி வந்தாள். முகம் செத்துப்போயிருந்தது. கையில் கொடிக்கட்டு பிரிக்காமலே இருந்தது.

"வேலிக்குள்ள ஒரு செடிகூட இல்ல பிலோமினா. யாராவது அங்க வந்தாங்களா?" கேள்வி எனக்கு, பார்வை ஆன்செல்மோவின் விரல்களுக்கு.

அவன் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான். "மழை சரியில்லைங்க."

மழையாம்! இந்த வருஷம் கொட்டோ கொட்டென்று கொட்டித் தீர்த்திருந்தது. இவன்தான் பிடுங்கியிருக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"ஊத்துப் பக்கமும் பாத்துடறேன்" என்றாள். நான் முந்திக்கொண்டு இறங்கினேன்.

உப்புக்கட்டி புல்லில் கிடந்தது. அது இருக்க வேண்டிய தொட்டி கவிழ்ந்து கிடந்தது. மாடு நக்குகிற உப்பைத் தரையில் போடுகிற ஆள் இல்லை ஆன்செல்மோ. காலால் விளிம்பைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே பெரிய பூ, ஒற்றைச் செடி. சுற்றிலும் சின்னதையெல்லாம் பிடுங்கி, மண்ணைக் கிளறிவிட்டிருந்தான்; விரல் சிவந்தது அதில்தான். அடப்பாவி மனுஷா! பிடுங்கவும் மனசு வரவில்லை, காட்டவும் தைரியம் வரவில்லை. காலையில் அவனைக் கொலைகாரனாகப் பார்த்தேனே!

பின்னால் காலடிச் சத்தம். விளிம்பை மெதுவாக இறக்கினேன்.

"அப்பாடா" என்று ரோவீனா அந்தத் தொட்டிமேலேயே உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். "இங்க ஏதாவது கண்ணுல பட்டுச்சா?"

பின்னாலேயே வந்த ஆன்செல்மோ மாடுகளைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"இல்லைங்க" என்றேன்.

ஒரு தேனீ வந்தது. அவளுடைய பூட்ஸுக்கு நடுவே, தொட்டியின் உடைந்த விளிம்பில் இப்படியும் அப்படியும் ஊர்ந்து, உள்ளே நுழைந்துவிட்டது. ரோவீனா பாட்டிலை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டு, குனிந்து, அது வெளியே வருவதற்காகக் காத்திருந்தாள்.