சோத்தாங்கைக் கத்தி

1

இந்தக் கதை ஒரு திருட்டில் பிறந்தது. பெரிய திருட்டு இல்லை, வீட்டுக்குள்ளேயே நடந்ததுதான். மனைவியின் வேலைப் பையிலிருந்து அவளுடைய மடக்குக் கத்தியைக் கேட்காமல் எடுத்தேன். அவள் நாற்றுப்பண்ணையில் ஒட்டுக்கட்டுகிறவள். ஒரு செடியின் தண்டைக் கீறி, இன்னொரு மரத்தின் குச்சியைச் சீவி அதில் செருகி, இரண்டையும் ஒன்றாக வளரவைக்கிற வேலை. நான் எழுத்தாளன். தொப்பையைத் தவிர எதையும் வளர்த்ததில்லை.

எழுதிக்கொண்டிருந்த ஒரு பத்திக்குக் கத்தி தேவைப்பட்டது. நேரில் பார்த்து எழுதினால் உயிர் வரும் என்று தோன்றியது. பார்த்தேன், முந்நூறு வார்த்தை எழுதினேன். அப்புறம் மேசை இழுப்பறை சிக்கிக்கொண்டது. கையில் கத்தி இருந்தது, நெம்பினேன். முனை உடைந்தது, வெட்டும் விளிம்பில் கடுகளவு பெயர்ந்தது, பிடியும் ஆட ஆரம்பித்தது. துடைத்து, மடக்கி, பையிலேயே வைத்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் வந்ததும் கேட்டாள்.

“என் கத்திய யாரு தொட்டா?”

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஆனாலும் கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

“திங்கக்கிழமை எனக்குப் பரீட்சைங்க. அது தெரியுமில்ல?”

தெரியும். பண்ணையில் புதிதாக ஒரு பிரிவு தொடங்குகிறார்கள். அதற்குப் பொறுப்பாளராக இரண்டு பேரில் ஒருவர். ஒருத்தி இவள், பதினோரு வருடமாக அங்கே வேலை செய்கிறவள். இன்னொருவர் முதலாளியம்மாவின் தம்பி. அவருடைய தகுதி தம்பியாக இருப்பது. ஆளுக்கு ஐம்பது ஒட்டு, யாருடையது அதிகம் உயிர்பிடிக்கிறதோ அவருக்குப் பொறுப்பு. இந்த ஒரு பொறுப்புக்காக அவள் ஆறு வருடமாகக் காத்திருந்தாள்.

“கடைல நல்லதா ஒண்ணு பாத்து வாங்கிட்டு வரேன்” என்றேன், பெரிய மனசு பண்ணி.

2

தொடக்கம் அ: “அந்தக் கத்தி அவளுடைய வலது உள்ளங்கையில் அடைக்கலம் புகுந்த—”

(கத்தி எதற்கு அடைக்கலம் புகவேண்டும்? அதை யார் விரட்டினார்கள்? அடித்துவிட்டேன்.)

தொடக்கம் ஆ: “எஃகுக்கும் மரத்துக்கும் இடையிலான ஆதி உரையாடலை அவளுடைய வலது கை—”

(இதை எழுதிவிட்டு எழுந்துபோய் டீ போட்டுக் குடித்தேன். அவ்வளவு திருப்தி. திரும்பி வந்து படித்ததும் டீ கசந்தது.)

தொடக்கம் இ: “கத்தியை உடைத்தவன் நான்.”

(உண்மை. ஆனால் இலக்கியமாக இல்லை என்று விட்டுவிட்டேன்.)

வலது கை என்று இரண்டு தடவை வந்திருப்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். நான் கவனிக்கவில்லை.

3

சனிக்கிழமை, மூன்றாவது கடை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவைத்திருந்த கடைக்காரர் ஒரு துணியை விரித்து ஏழு மடக்குக் கத்திகளைப் பரப்பினார். பழைய பாணியில் செய்தவை, மரப்பிடியும் பித்தளை ஆணியுமாக. ஒன்று பையை இழுத்துக்கொண்டு போகிற கனம். ஒன்றைத் திறப்பதற்குள் நகம் பெயர்ந்துவிடும்போல் இருந்தது. ஆறாவதை எடுத்தேன். பிடியின் நடுவில் லேசான புடைப்பு, விரல்கள் தாமாகப் போய் உட்கார்ந்தன. எனக்காகவே செய்ததுபோல் இருந்தது. (தப்பு இந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. அப்போது அது எனக்கு ரசனையாகத் தெரிந்தது.)

“யாருக்கு சார்?”

“வீட்ல அவங்களுக்கு. ஒட்டுக்கட்டற வேலை.”

“அவங்க கை எவ்வளவு பெருசு?”

இரண்டு கையையும் தூக்கி, விரித்து, சுருக்கி, மறுபடி விரித்துக் காட்டினேன். கடைக்காரர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். போன வருடம் ஒரு பெண்ணின் கைகளைப் பற்றியே நாலு பக்கம் எழுதிப் பாராட்டு வாங்கியவன் நான். அந்தக் கைகளையும் நான் எங்கேயும் பார்த்ததில்லை.

“சரி, அத விடுங்க. ஒட்டுக் கத்திக்கு ஒரு பக்கம்தான் சாணை பிடிச்சிருக்கும், மறுபக்கம் தட்டை. கை மாறினா கத்தியும் மாறணும். சோத்தாங்கையா, பீச்சாங்கையா?”

“சோத்தாங்கைதான். தினமும் எதிர்ல உக்காந்து சாப்பிடறதப் பாக்கறேனே.”

அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். “சாப்பிடறதக் கேக்கல சார். சீவறதக் கேட்டேன்.”

“ரெண்டும் ஒரே கைதானே?”

“உங்க வீட்டு விஷயம், உங்களுக்குத் தெரியாததா” என்று தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டார்.

4

அவள் தாளைப் பிரித்தாள். இடது கையால் கத்தியை எடுத்தாள். தொட்டிச் செடியில் ஒரு குச்சியை ஒடித்து ஒரே இழுப்பில் சீவினாள். நேராக வரவேண்டிய சீவல் கரண்டிக் குழிபோல வந்தது. அப்படிச் சீவினால் குச்சியும் தண்டும் ஒட்டாது, நடுவில் காற்று போகும்.

“இது வலது கைக் கத்தி.”

“நீ வலது கைதானே?”

கத்தியை மடக்கித் தாளின்மேல் வைத்தாள்.

“சாப்பிடறதும் எழுதறதும்தான் வலது. சின்ன வயசுல அடிச்சு மாத்தினாங்க. மிச்சமெல்லாம் இடது. காய் நறுக்கறது, தைக்கறது, பூட்டைத் திறக்கறது எல்லாம். கல்யாணமாகிப் பத்தொம்பது வருஷம் ஆச்சுங்க.”

“நான் கவனிக்கல.”

“எல்லாத்தையும் கூர்ந்து கவனிக்கிறவர்னு உங்க புத்தகத்துக்குப் பின்னாடி போட்டிருக்கே?”

(அந்த அட்டைக் குறிப்பை எழுதியதும் நான்தான்.)

எனக்கு வெட்கமாக இருந்தது. இதை அலங்கரிக்க ஒன்றும் இல்லை, வெட்கமாகத்தான் இருந்தது. அந்த வேகத்திலேயே சொல்லிவிட்டேன்.

“பழைய கத்திய உடைச்சது நான்தான்.”

“தெரியும். முனை இழுப்பறைலதான் கிடந்துச்சு. நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன்.”

5

ஞாயிற்றுக்கிழமை அவள் மட்டும் கடைக்குப் போனாள். நானும் வருகிறேன் என்று செருப்பைத் தேடினேன். “வேணாம். நீங்க வந்தா உங்க கைக்குப் பாத்துருவீங்க.”

ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டாள். கறுத்த பிடி, சின்ன உருவம், இன்னும் சாணை பிடிக்காத கத்தி. சமையலறைத் தரையில் உட்கார்ந்து, கல்லை நனைத்து, தன் கைக்கு ஏற்ற பக்கத்தை மட்டும் இரண்டு மணி நேரம் தீட்டினாள். கேட்டு வாங்கிப் பிடித்துப் பார்த்தேன். எனக்கு இரண்டு விரல் வெளியே நின்றன, போக்கிடம் இல்லாமல். அவள் பிடித்தபோது பிடி இருந்த இடமே தெரியவில்லை. ‘கைக்கு அடக்கமான’ என்று எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். யாருடைய கைக்கு என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

அன்றைக்கே இந்தக் கதையின் முதல் வரைவையும் படித்தாள்.

“இவ ஏன் சும்மா சும்மா மெல்லச் சிரிக்கிறா?”

“அது பாத்திரத்தோட இயல்பு.”

“கத்திய உடைச்சு மறைச்சவன்கிட்டச் சிரிச்சுக்கிட்டிருந்தா, அவளை நம்பிப் பொறுப்ப யாரு குடுப்பா?”

நாலு சிரிப்பு இருந்தது. நாலையும் எடுத்துவிட்டேன். கதை மெலிந்துவிட்டது, ஆனால் அவள் இப்போது அவள் மாதிரி இருக்கிறாள்.

6

திங்கட்கிழமை ஐம்பது ஒட்டு கட்டினாள். பிடித்ததா இல்லையா என்பது மூன்று வாரம் கழித்துத் துளிர் விட்டால்தான் தெரியும். அந்த மூன்று வாரத்தில் நான் மூன்று முடிவுகளை எழுதிவைத்தேன். இன்றைக்குத்தான் எண்ணினார்கள். அவள் வந்தாள், கைகால் கழுவினாள், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“என்ன ஆச்சு?”

“உங்க கதைல என்ன ஆச்சு?”

“மூணு முடிவு இருக்கு. ஒண்ணுல நீ ஜெயிக்கிற. ஒண்ணுல தம்பி ஜெயிக்கிறாரு. ஒண்ணுல நீ என்னை மன்னிக்கிற.”

“பரீட்சை எனக்குத்தானே? மூணாவது எங்கேர்ந்து வந்துச்சு?”

(மூன்றையும் இங்கே தருவதாக இருந்தேன். மூன்றாவதுதான் நன்றாக வந்திருந்தது, அதனாலேயே கிழித்தேன். மற்ற இரண்டும் அதோடு போயின.)

“சரி, நிஜமா என்ன ஆச்சுன்னாவது சொல்லேன்.”

“சொன்னா அழகுபடுத்திருவீங்க.”

இப்போது பக்கத்து அறையில் அக்காவுக்கு போன் போட்டிருக்கிறாள். “அக்கா, எண்ணிட்டாங்க” என்பது வரைக்கும் கேட்டது. அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டாள். எழுந்து நாலு எட்டு வைத்துக் காதைக் கொடுத்தால் இந்தக் கதைக்கு முடிவு கிடைத்துவிடும். நான் நாற்காலியை விட்டு எழப்போவதில்லை. உங்களுக்குத் தெரிந்தே ஆகவேண்டுமென்றால் போங்கள். கதவைத் தட்டிவிட்டு, அவள் வரச்சொன்னால் உள்ளே போங்கள்.