ஒரே ஒரு பாஸ்

மூன்றாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் கைலாசம் சார் உட்கார்ந்தபோது முழங்கால் இரண்டும் மேசையில் முட்டிக்கொண்டன. ஐம்பத்தாறு வயது, சர்க்கரை, தொப்பை, பத்து வருடத் தலைமை ஆசிரியர் பதவி, இவ்வளவையும் எட்டு வயதுப் பிள்ளைகளுக்குச் செய்த பெஞ்சில் அடக்குவது லேசான காரியமில்லை. ஆனாலும் முகத்தில் பெருமை வழிந்தது. தலைமை ஆசிரியர்கள் ஒரு நாள் மாணவராக உட்கார்ந்து பார்த்து அறிக்கை தரவேண்டும் என்று வட்டாரக் கல்வி அலுவலர் சொல்லியிருந்தார். மற்றவர்கள் முனகினார்கள். இவர் மட்டும், புதன்கிழமையே உட்காருகிறேன், பதினொன்றரைக்கு நேரில் வந்து பாருங்கள் மேடம் என்று அழைப்பு வேறு வைத்துவிட்டார்.

காரணம் பாஸ். அது இவருடைய கண்டுபிடிப்பு. காஞ்சிபுரத்தில் அந்தத் தெருவில் பாதி வீடுகளில் தறி ஓடுகிறது. பட்டுப் புடவையில் உடலையும் கரையையும் கோக்க ஒருவர் போதாது, இரண்டு பேர் உட்காரவேண்டும். அதைப் பார்த்தே வளர்ந்ததாலோ என்னவோ, பிள்ளைகள் எதற்கும் தனியாகப் போவதில்லை. தண்ணீர் குடிக்க ஜோடி, பென்சில் சீவ ஜோடி, பாத்ரூமுக்கும் ஜோடி. ஜோடி சேர்ந்தால் அரட்டைதான் என்று முடிவு கட்டிய கைலாசம், ஜூன் மாதமே சர்க்குலர் போட்டார். வகுப்புக்கு ஒரே ஒரு பாஸ். அதை எடுத்துக்கொண்டு ஒருவர்தான் வெளியே போகலாம். அது திரும்பி வந்தால்தான் அடுத்தவர். பாஸ் என்று அவர் கொடுத்தது, தறியில் நூலை இழுத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் ஓடும் மர நாடா. இந்த ஏற்பாட்டை வட்டாரத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பலாமா என்று அலுவலர் யோசித்துக்கொண்டிருந்தார். அதற்குக் 'கைலாசம் முறை' என்று பெயர் வைப்பார்களா என்று நம் ஆள் யோசித்துக்கொண்டிருந்தார்.

காலையில் எழுந்து நின்று, இன்றைக்கு நான் சார் இல்லை, மூன்றாம் வகுப்புப் பையன், எனக்குச் சலுகை எதுவும் கூடாது என்று அறிவித்தார். இப்படி வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது அவருக்குப் புதிதல்ல. வகுப்புத் தலைவி துர்கா அதை ஒரு எழுத்து விடாமல் மனசில் வாங்கிக்கொண்டாள். மாணவர்கள் போன் கொண்டுவரக் கூடாதென்று அவர் போனை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். பக்கத்தில் இருந்த காவேரியிடம் அவர் ஸ்கேல் கேட்டதும், பேசினவர் பட்டியல் என்று கரும்பலகையில் எழுதி, அதன் கீழே முதல் பெயராகக் 'கைலாசம்' என்று போட்டாள். துளசி டீச்சர் சிரிப்பை அடக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதினொன்றுக்குச் சர்க்கரை தன் வேலையைக் காட்டியது. ஆசிரியர்கள் பாத்ரூமுக்குப் போகத் திரும்பியவரிடம், அது டீச்சர்களுக்கு என்று துர்கா நினைவுபடுத்தி, நாடாவைக் கையில் கொடுத்து அனுப்பினாள்.

பையன்கள் கழிப்பறைக்குள் கைலாசம் கால் வைத்தே பல வருடம் ஆகியிருந்தது. கதவைச் சாத்தினார், காற்றில் திறந்துகொண்டது. மறுபடி சாத்தினார், மறுபடி திறந்தது. எதிரே சத்துணவுக் கூடத்தில் முட்டை உரித்துக்கொண்டிருந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு பாத்திரத்தோடு உள்ளே போய்விட்டார். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. அதில் முழ நீளத்துக்குப் பட்டு நூல் கயிறு ஒன்று தொங்கியது, நிலையில் ஒரு ஆணி. கயிற்றை ஆணியில் நாலு சுற்றுச் சுற்றி, சொந்த ஊர் தென்னேரியில் சின்ன வயதில் முரட்டுக் காளையைக் கட்டிய முடிச்சை அதில் போட்டு, பலமாக இழுத்தும் பார்த்துக்கொண்டார்.

வேலை முடிந்ததும் முடிச்சில் கை வைத்தார். அசையவில்லை. கையோ ஈரம், கண்ணாடியோ பெஞ்சில். நகத்தால் நெம்பினார். பல்லால் கடிக்கக் குனிந்து, இருக்கும் இடம் நினைவு வந்து சட்டென்று நிமிர்ந்தார். அறுத்துவிடலாம் என்று இழுத்தார். பேத்தி காலம் வரை வரும் என்று சொல்லி விற்கிற புடவையின் நூல் அது, இவருக்காகவா அறுந்துவிடும்.

மூன்றாம் வகுப்பு ஜன்னல் பத்தடி தூரத்தில்தான் இருந்தது. துளசி டீச்சர் அலுவலரை வரவேற்க வாசலுக்குப் போயிருந்ததால் வகுப்பில் துர்கா ஆட்சி.

"துர்கா, முடிச்சு மாட்டிக்கினு இருக்குதும்மா. யாரையாவது அனுப்பு."

"பாஸ் உங்ககிட்ட இருக்குது சார். அது வந்தாத்தான் அடுத்த ஆளு வெளிய வர முடியும்."

"நான் ஹெச்.எம். சொல்றேம்மா."

"இன்னிக்கி நீங்க மூணாங்கிளாஸ் பையன்தானே சார். நீங்கதான் சொன்னீங்க."

கைலாசம் தலையில் அடித்துக்கொண்டார். பாஸ்தானே வேண்டும் என்று கதவுக்கு மேலே இருந்த இடைவெளி வழியாக நாடாவை ஜன்னலைப் பார்த்து வீசினார். அது ஜன்னலுக்குப் போகாமல் தகரக் கூரையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பாஸ் கூரை மேலே போய்விட்டதால் இனிமேல் யாருமே வெளியே போக முடியாது என்று துர்கா வகுப்புக்கு அறிவித்தது அவருக்கும் கேட்டது. கூடவே ஒரு அழுகைச் சத்தம். சத்யராஜுக்கு அவசரம். அரை மணி நேரமாக அடக்கிக்கொண்டிருக்கிறானாம்.

பிறகு காவேரியின் குரல் வந்தது. "முன்னெல்லாம் ஒருத்தர் உள்ள போனா இன்னொருத்தர் கதவப் புடிச்சிக்கினு நிப்போம் சார். ஜோடியா போவக்கூடாதுன்னு நீங்க சொன்னதால வீட்லேந்து தறிப் பாவு நூல் எடுத்தாந்து திரிச்சுக் கட்டினோம்."

அரட்டைக்காக என்று நினைத்திருந்தாரே, அது கதவைப் பிடிக்கவா. கைலாசத்துக்கு வெட்கமாக இருந்தது. ஆறு மாதமாக இந்தப் பிள்ளைகள் ஒரு புகாரும் சொல்லாமல் நூலைத் திரித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் சத்யராஜின் அழுகை ஏறிக்கொண்டே போனது.

பாஸை ரத்து செய்கிறேன் என்று கத்தினார். எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும் என்று அவரே சொல்லியிருப்பதைத் துர்கா பணிவாக எடுத்துச் சொன்னாள். சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த அறிக்கைத் தாளின் பின்னால் எழுதினார்: 'பாஸ் இன்று முதல் ரத்து. ஜோடியாகவே போகலாம். கைலாசம், தலைமை ஆசிரியர்.' கதவுக்கு அடியில் தள்ளி, எடுத்துக்கொள் என்றார். எடுக்க வெளியே வரவேண்டுமே சார் என்றாள் துர்கா.

அவர் தாளை உள்ளே இழுத்தார். ஐம்பது வருடத்துக்கு முன் செய்த ராக்கெட் கைக்கு எப்படியோ வந்துவிட்டது. மடித்து, கதவுக்கு மேலே விட்டார். அது ஜன்னலைத் தாண்டிப் போய், துளசி டீச்சரோடு வந்துகொண்டிருந்த அலுவலர் அம்மாவின் காலடியில் விழுந்தது. அவர் பிரித்துப் படித்தார். ஜன்னலில் நீட்டினார். துர்கா கையெழுத்தைச் சரிபார்த்து, சரி என்றாள்.

வகுப்பு மொத்தமும் வெளியே கொட்டியது. காவேரி கதவிடுக்கில் இரண்டு விரலை விட்டு எந்த இழையையோ உருவினாள், முடிச்சு நெகிழ்ந்து விழுந்தது. வெளியே வந்த கைலாசத்தை இடித்துக்கொண்டு சத்யராஜ் உள்ளே ஓடினான்.

அலுவலர் அம்மா, பாஸ் முறையை மற்றப் பள்ளிகளுக்கு அனுப்பலாமா என்று கேட்டார். உள்ளே பாதுகாப்புச் சோதனை செய்துகொண்டிருந்தேன் என்ற பொய் கைலாசத்தின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. 'கைலாசம் முறை'யை விட மனசு வரவில்லை. அந்த நேரத்தில் காற்று கதவைத் திறந்தது, உள்ளே பையன் ஐயோ என்றான்.

கைலாசம் ஓடிப்போய்க் கதவைச் சாத்தி, முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார்.

"அதை அனுப்பாதீங்க மேடம்," என்றார். "தாழ்ப்பாள் அனுப்புங்க. இப்ப கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க, பையன் உள்ள இருக்கான்."

அலுவலர் திரும்பி நின்றார். வகுப்பும் திரும்பி நின்றது. உள்ளேயிருந்து சந்தேகமாக ஒரு குரல் கேட்டது.

"சார், நின்னுக்கினுதானே கீறீங்க?"

"நிக்கிறேன்பா," என்றார் கைலாசம். "நீ மெதுவா வா."