உப்பு உதிர்ந்த கை

ஆலை உணவகத்துச் சமையல்காரரின் வலது கையிலிருந்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை உப்பு உதிரத் தொடங்கியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே எதையோ உருட்டிக்கொண்டிருக்க, நடுவிலிருந்து நல்ல தூள் உப்பு, கடையில் விற்பதைவிடச் சற்று வெள்ளையாகவே, கொட்டியது. கரண்டியைப் பிடித்தால் நடுக்கமும் நிற்கும், உப்பும் நிற்கும். மடியில் சும்மா வைத்தால் மறுபடி ஆரம்பிக்கும். வேலை செய்யும்போது ஒழுங்காகவும் ஓய்வில் அட்டகாசமாகவும் இருக்கும் கையை மேலாளர் அதுவரை பார்த்ததில்லை, அவருடைய ஊழியர்களெல்லாம் நேர்மாறு. சமையல்காரர் உணவகத்து உப்பைத்தான் திருடி ஒளித்திருக்கிறார் என்று சட்டைக் கையைச் சுருட்டித் துழாவினார். ஒன்றும் கிடைக்காததால் உப்பு வாங்குவதை நிறுத்திவிட்டு அவரை வேலையில் வைத்துக்கொண்டார்.

மனைவிதான் பிடிவாதமாக மருத்துவரிடம் இழுத்துப்போனாள். வாசனை தெரிகிறதா என்று அவர் கேட்டார். சில வருடங்களாகவே இல்லை, எங்கள் உணவகத்தில் அது ஒரு வரம் என்றார் சமையல்காரர். கையெழுத்துப் போடச் சொன்னபோது எழுத்துகள் எறும்பு எறும்பாகச் சிறுத்துக்கொண்டே போயின. இவ்வளவு பேசியும் சமையல்காரர் முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. பார்க்கின்சன் நோயின் சாயல் இருக்கிறது என்ற மருத்துவர், உப்பு தன் துறையில் வராது என்று கையை விரித்தார். பிறகு, முன்பு எப்போதாவது பெரிய காய்ச்சல் வந்ததுண்டா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுவைத்தார்.

வந்ததுண்டு. இருபது வருடங்களுக்கு முன் அந்தத் தெருவையே படுக்கையில் போட்ட விஷக்காய்ச்சல் அது. பேருந்து நிலையத்தில் பயணச்சீட்டு கொடுக்கும் மனைவிதான் முதலில் வாங்கி வந்தாள். அவளுக்கு அவர் சூப் வைத்துக் கொடுத்தார். காய்ச்சல் வாய்க்கு எதுவுமே ருசிக்காது என்பது ஊருக்கே தெரியும். ஆனால் உப்பில்லை என்று அவள் முனகியதும் சமையல்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் வாயிலிருந்த கரண்டியைப் பிடுங்கி ருசி பார்த்தார். உப்பு சரியாகத்தான் இருந்தது. மறுநாள் அவரும் படுத்துவிட்டார்.

சில வைரஸ்கள் மூளையில் ஏதோ வேலை பார்த்துவிட்டுப் போய், வெகுகாலம் கழித்து இப்படி ஆகலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் சந்தேகப்படுவதாக மருத்துவர் சொன்னார். நிச்சயமில்லை, தெருவே படுத்தது, வேறு யார் கையிலிருந்தும் சர்க்கரைகூடக் கொட்டவில்லையே என்றும் சொன்னார். ஆமாவா இல்லையா என்று மனைவி கேட்டதற்கு, இருக்கலாம் என்றார்.

அந்த ‘இருக்கலாம்’ அவர்களோடு பேருந்தேறி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மச்சான் வந்து பேருந்து நிலையத்தின் மேல் வழக்குப் போடலாம் என்றார். பக்கத்து வீட்டுக்காரி கிண்ணத்தோடு வந்தாள். மருத்துவர் கொடுத்த மாத்திரையைப் போட்டால் சில மணி நேரம் உப்பு வராது என்று தெரிந்ததும் நேரம் பார்த்து வந்தாள். மனைவி மட்டும் கணவரின் முகத்தையே பார்த்தாள். அது அசையவில்லை. அது நோயின் வேலை என்று மருத்துவர் சொல்லியிருந்தும், அவளுக்கு அது கோபமாகவே பட்டது. பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். மாதக்கணக்கில் சமையலில் உப்பே போடவில்லை. இத்தனை வருட வாழ்க்கை தான் கொண்டுவந்த காய்ச்சலில் கெட்டுப்போனது என்று அவள் முடிவுகட்டியிருந்தாள், பாவம்.

கடைசியில் ஒரு நாள் சூப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நேராகவே கேட்டாள்.

“எம்மேல கோவமா? மூஞ்சியப் பாத்தா அப்படித்தான் இருக்கு.”

“மூஞ்சி வேலைநிறுத்தம் பண்ணுது. அத எதுக்குக் கேக்கற? என்னக் கேளு.”

“நான் குடுத்த காய்ச்சல்தானே?”

அவர் யோசித்தார். பேச்சு இப்போதெல்லாம் மெதுவாகத்தான் வரும்.

“நீ குடுத்த குடை, கடிகாரம், மோதிரம், எல்லாத்தையும் தொலைச்சேன். அதுக்கெல்லாம் எத்தன திட்டு வாங்கியிருக்கேன். இது ஒண்ணத்தான் பத்திரமா வச்சிருக்கேன், அதுக்கும் அழுதா எப்படி?”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மூக்கைத் துடைத்துக்கொண்டு சூப் பாத்திரத்தை நகர்த்தி அவர் கைக்கு அடியில் வைத்தாள். உப்பு கொட்டியது. போதும் என்றாள்; கை கேட்கவில்லை. தன் கரண்டியை அதில் திணித்தாள். கை நின்றது. அவர் அதே கரண்டியால் அள்ளி ருசி பார்த்தார்.

சரியாக இருந்தது. பாய் பழைய அறைக்குத் திரும்பியது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் உப்பு வாங்கவில்லை.