பெயரடைவில் ஹியூ டஃப்

துருவப் பயணங்களைப் பற்றிய எந்தப் புத்தகம் ஸ்காட்லாந்தின் டண்டி நூலகத்துக்கு வந்தாலும் முதலில் கேட்டு வாங்குபவர் எஃபி டஃப்தான். சணல் ஆலை விட்டதும் தலைமுடியில் ஒட்டிய தும்போடு வந்து, கடைசிப் பக்கங்களிலுள்ள பெயரடைவைப் பிரிப்பார். ‘டஃப், ஆர்ச்சி, கொதிகலன் ஊழியர், பனியில் மரணம்.’ வாசித்துவிட்டுப் புத்தகத்தை நூலகரான என்னிடமே திருப்பித் தந்துவிடுவார்.

அந்த ஆர்ச்சி உயிரோடிருந்தார். இறந்தவர் அவருடைய அண்ணனும் எஃபியின் கணவருமான ஹியூ. 1903இல் தென்துருவக் கப்பலுக்கு ஆள் எடுத்தபோது, நெஞ்சு பலவீனமென்று ஹியூவை மருத்துவர் ஒதுக்கினார். தேறிய தம்பிக்கோ கடைசி நேரத்தில் துணிவில்லை. தம்பியின் பணிச்சீட்டோடு அண்ணன் கப்பலேறினார். புகைப்படம் இல்லாத சீட்டு. எங்கள் துறைமுகத்தில் அதை யாரும் குற்றமாக எண்ணியதில்லை. தெற்கே கடலுக்குள் நீண்ட ஒரு பனிமுனைக்கும் இறந்தவர் நினைவாக ஆர்ச்சியின் பெயரையே சூட்டினார்கள்.

“செத்தவனுக்கு ஒரு கிளாஸ் ஊத்துப்பா” என்று ஆர்ச்சி மதுக்கடையில் கேட்பது ஊரறிந்த வேடிக்கை.

இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, பொதுமக்களுக்காகப் பயண வரலாறுகள் எழுதும் கிரேஞ்சர் என்பவர் அந்தக் கப்பலைப் பற்றித் தகவல் கேட்டுப் பத்திரிகையில் அறிவித்தார். எஃபி உண்மையை எழுதினார். தம்பி தன் கைப்பட ஒப்புக்கொண்டால் திருத்துவதாகப் பதில் வந்தது. எஃபி ஆர்ச்சியை நூலகத்துக்கே இழுத்து வந்தார்.

“கையெழுத்துப் போட்டா நான் யாரு அண்ணி? இப்போ நான் ஒரு முனை!”

“மழுங்கின முனை. போடு.”

“நோயாளி அண்ணனை அனுப்பிட்டு வீட்டுல படுத்துக் கெடந்தவன்னு ஊரே படிக்குமே.”

“அவரு பேரை நான் ஒரு புத்தகத்துலயும் படிச்சதில்ல ஆர்ச்சி.”

ஆர்ச்சி என்னிடம் கை நீட்டினார். “பேனாவைக் குடு ஐலீன். மை ஒழுகுற பேனாதானே இருக்கும் இங்க?”

இரண்டு வாரத்தில் கிரேஞ்சர் எழுதினார்: ஹியூவின் பெயர் உள்ளேயும் அடைவிலும் வரும். ஒரே ஒரு வேண்டுகோள்; ஹியூ எப்படிப்பட்ட மனிதர் என்று மனைவியே இரண்டு வரி எழுதித் தரவேண்டும்.

எஃபி வெள்ளைத்தாளின் முன் அமர்ந்திருந்தார். அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது ஒன்பது வாரம்.

“டீயில நாலு கரண்டி சர்க்கரை போடுவாரு. இது வரலாறா ஐலீன்?”

“எழுதுங்க அக்கா.”

“அவரு குரலை நெனச்சா ஆர்ச்சி பேசுறதுதான் காதுல கேக்குது.” தாளை என் பக்கம் தள்ளப் போனவர், தயங்கி, மீண்டும் தன் பக்கமே இழுத்துக்கொண்டார். பிறகு நிறுத்தாமல் எழுதினார்:

‘அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்ததும் தெரிந்துகொள்ளலாம் என்றிருந்தேன்.’