பைப் பிடித்த காளியண்ணன்

நாமக்கல்லில் இரண்டு லாரி வைத்திருந்த காளியண்ணனுக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல் பைப்பில் புகை பிடிக்கும் ஆசை வந்தது. பம்பாயில் லோடு இறக்கப் போன இடத்தில் ஒரு கம்பெனி முதலாளி பைப்பை வாயில் வைத்தபடியே பேசினார். எதிரில் நின்றவர்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அன்றைக்கே காளியண்ணன் ஒரு பைப்பும் ஒரு டப்பா புகையிலையும் வாங்கிவிட்டார்.

வீட்டில் பற்றவைத்தால் நிற்கவில்லை. நாலு இழுப்புக்குள் அணைந்துபோகும். நாக்கு வெந்ததுதான் மிச்சம்.

“பீடிகூடக் குடிக்காத மனுசனுக்கு இதென்னங்க வேண்டாத வேலை?” என்றாள் மனைவி வசந்தாமணி.

மகளின் நிச்சயத்துக்கு ஓமலூரிலிருந்து சம்பந்தி சென்னிமலை தன் சனத்தோடு வந்தார். சமையல் முழுக்கக் காளியண்ணனின் அக்கா செல்லாயி பொறுப்பு. விடியுமுன்னே அடுப்பு மூட்டியிருந்தாள். முதல் பந்தியில் சம்பந்தியோடு சாப்பிட்டு எழுந்த காளியண்ணன், அவர் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் பைப்பும் வாயுமாகப் போய் எதிரில் உட்கார வேண்டும் என்று நினைத்தார். வாசலில் நின்ற லாரிக்குப் பின்னால் போய், இந்தத் தடவை அணையக் கூடாதென்று புகையிலையைத் திணித்து அடைத்தார். இருமிக்கொண்டே விடாமல் இழுத்தார், புகையை விழுங்கவும் செய்தார். சற்று நேரத்தில் நெற்றி வேர்த்துத் தரை சுழன்றது. பைப்பை டயருக்கடியில் போட்டுவிட்டுத் தள்ளாடி வந்தவர், இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்த பந்தல் ஓரத்திலேயே வாந்தி எடுத்தார்.

“தண்ணி போட்டிருக்காராட்ட இருக்குது” என்று யாரோ முணுமுணுத்தது அவர் காதில் விழுந்தது.

சென்னிமலை எழுந்து வந்தார். “ஏனுங்க சம்பந்தி, ஒடம்புக்கு என்னாச்சுங்க?”

“ஒண்ணுமில்லீங்க. தயிர் கெட்டுப்போச்சாட்ட இருக்குது. சோறு ஒத்துக்கலீங்க.”

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. பந்தியில் கைகள் நின்றன. ஒருவர் இலையை மடித்தார், பிறகு வரிசையாக எல்லோரும். தயிர் வாளியோடு நின்ற செல்லாயி தம்பியைப் பார்த்தாள். வாளியை உள்ளே எடுத்துப் போனாள்.

வந்தவர்கள் கிளம்பிய பின் காளியண்ணன் சமையல்கட்டுக்குப் போனார். செல்லாயி தனியாக உட்கார்ந்து அதே தயிரைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“அக்கா, தயிர்ல ஒண்ணுமில்ல. நான் அந்தப் பைப்பை…”

“தெரியும் சாமி. லாரிக்குப் பின்னால நீ இருமுனது கேட்டுச்சு.”

“அப்புறம் ஏன் சபையில சொல்லல?”

“பொண்ணப் பெத்தவன் நீ. உன்னைய எப்படிக் காட்டிக் குடுக்கறது?”

மறுநாள் காளியண்ணன் முதல் பஸ்ஸில் ஓமலூர் போய், சென்னிமலையிடம் நடந்ததையெல்லாம் சொன்னார்.

“தண்ணி போட்டுட்டுத் தயிர் மேல பழி போடறீங்கன்னுதானுங்க எங்க சனம் எலையை மடிச்சது. அது இல்லீன்னா சரிங்க. கல்யாண வேலையைப் பாருங்க.”

அப்படியானால் அந்தப் பொய்யை ஒருவர்கூட நம்பவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது காளியண்ணன் யார் முகத்தையும் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

கல்யாணச் சமையலுக்கு அக்காவைக் கூப்பிடப் போனார். “வெளியாளை வெச்சுக்க சாமி. ஆருக்காச்சும் ஒத்துக்கலீன்னா எதுக்கு?” என்றாள். குரலில் கோபமே இல்லை.

கல்யாணத்தன்று செல்லாயி விருந்தாளிகளோடு பந்தியில் உட்கார்ந்தாள். காளியண்ணனே சோற்றுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய் அவள் இலையில் பரிமாறினார். ஒரு கரண்டி விழுந்ததும் அவள் கையைக் குறுக்கே நீட்டி, “போதும்” என்றாள். அடுத்த இலைக்கு நகர அவருக்குக் கால் வரவில்லை.