அம்பிளி வீட்டின் மேல் விழுந்த கவர்கள்

மத்தி மீன் மலிந்து கிடந்த வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அம்பிளியைப் பற்றிப் பரப்பப்பட்ட பொய்கள் நானூற்றுப் பன்னிரண்டும், முடிச்சுப் போட்ட கறுப்புப் பிளாஸ்டிக் கவர்களாக மட்டாஞ்சேரியின் கொச்சங்காடியில் அவள் வீட்டுக் கூரைமேல் விழுந்தன. இரண்டு ஓடுகள் உடைந்தன. வீடு வீடாகப் போய் பிளாஸ்டிக் கழிவு வாங்குவது அவள் வேலை. வாய்க்காலைச் சுத்தமாக்கிவிட்டோம் என்று அரசு அறிவித்த மறுநாள், அதே வாய்க்காலில் முழங்காலளவு சேற்றில் நின்று, "எங்க சுத்தம்? வந்து பாருங்க" என்று போன் கேமராவிடம் சொல்லி இணையத்தில் போட்டிருந்தாள். மாலைக்குள் முகமில்லாத ஆயிரம் கணக்குகள் அவளை எல்லை தாண்டி வந்தவள், வீடுகளை வேவு பார்ப்பவள் என்று எழுதின. மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரியைக் கூட்டிப் பெருக்கிய குடும்பம் அது! ஆனாலும் ஊர் நம்பியது. பன்னிரண்டு வருடம் அவளுக்குக் கதவு திறந்த மாதுரி டீச்சர்கூடக் கதவுச் சங்கிலியை மாட்டிக்கொண்டு, "இன்னைக்கு ஒண்ணும் இல்லை" என்றார். கதவுகள் மூடினால் வேலை போய்விடும். அம்பிளிக்கு டீச்சரின் சங்கிலிதான் அதிகம் வலித்தது.

உட்கார்ந்து அழுகிற ஆளா அவள்? தெருவில் யாராவது குப்பை கொட்டினால், கவரைப் பிரித்து, பில்லோ கூரியர் சீட்டோ தேடி, கொட்டியவர் வாசலிலேயே கொண்டுபோய்க் கொடுப்பது அவள் வழக்கம். பொய்களையும் கையுறை மாட்டிப் பிரித்தாள். எழுதியவர்கள் அவசரத்தில் மேலிடத்து உத்தரவையும் சேர்த்தே நகலெடுத்திருந்தார்கள். "இவளைப் பற்றி இன்று நாற்பது வேண்டும், வார்த்தை மாற்றி அனுப்பவும்" என்று அரசு முத்திரையோடு சீட்டு. கூடவே களமசேரியில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு கட்டடத்தின் விலாசம். சீட்டுகளைக் கொடியில் காயப்போட்டாள். தெருவே நின்று படித்தது.

பக்கத்து வீட்டு யூசுப்பின் ஆட்டோவில் கவர்கள் எல்லாம் களமசேரிக்குப் போயின. அங்கிருந்த அதிகாரி வியர்த்தபடி, கொண்டுவந்தவர் பெயர் கேட்டார்.

"தெரியாதா சாரே? இத்தன தடவ எழுதின பேருதானே" என்றாள் அம்பிளி.

ஒரு கவர் மட்டும் பாக்கி. அதிலிருந்தது மாதுரி டீச்சரின் விலாசம். குடியிருப்போரின் போன் குழுவுக்கு அந்தப் பொய்யை அவரும் அனுப்பியிருந்தார். அம்பிளி அதைச் சங்கிலி இடைவெளியில் நீட்டினாள். "டீச்சரே, இது நீங்க போட்டது." டீச்சர் வாங்கிக்கொண்டார். படித்துவிட்டுச் சங்கிலியைக் கழற்றினார்.

கவர்கள் இன்றும் செவ்வாய்தோறும் விழுகின்றன. கூரைமேல் தார்ப்பாய் கட்டியாயிற்று. களமசேரிக் காவலாளி யூசுப்பின் ஹாரன் கேட்டதும் கேட்டைத் திறந்துவிடுகிறான். கழுவிக் காயவைத்த பால் கவர்களோடு வாசலில் காத்திருக்கும் டீச்சர், சாயாவை நீட்டிக் கேட்கிறார்:

"இன்னைக்கு எத்தனை விழுந்தது, அம்பிளி?"

"முந்நூறு, டீச்சரே. மழைக்காலமில்லயா, கொறவுதான்."